"ஆண்டுதோறும்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்

"அரசு ஆண்டுதோறும் வரவுக்குள் செலவு செய்யச் சட்டம் வேண்டும்" என்று விவாதத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். எதிரணி எங்கே அடிக்கும் என்று கேட்கிறீர்கள். "ஆண்டுதோறும்" என்ற சொல்லில்தான். பொருளாதார மந்தம் வந்தால் வரி வசூல் தானாகவே குறையும், வேலையிழந்தோர் உதவித்தொகை ஏறும். அப்போது பார்த்துச் செலவை வெட்டினால் மந்தம் ஆழமாகும், வசூல் இன்னும் சரியும்.

சுவிட்சர்லாந்தில் 2003 முதல் இருக்கும் விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். வருவாயைச் சுழற்சிக் காரணியால் பெருக்கினால் செலவு உச்சவரம்பு. போக்கு உற்பத்தியை, அதாவது ஏற்ற இறக்கத்தை நீக்கிப் பார்த்த நாட்டின் உற்பத்தியை, உண்மை உற்பத்தியால் வகுத்தால் காரணி. மந்தத்தில் வருவாய் 100, காரணி 1.02 என்றால் 102 வரை செலவழிக்கலாம். செழிப்பில் காரணி 0.98 ஆனால் 98தான். மீறினால் தனிக் கணக்கில் ஏறும், பிறகு ஈடுகட்ட வேண்டும்.

போக்கு உற்பத்தி வெறும் மதிப்பீடு, பின்னால் திருத்தப்படும், இதைக் கேட்பார்கள். அதைவிடப் பெரிய ஓட்டை, பட்ஜெட்டுக்கு வெளியே வைக்கும் நிதியங்கள். ஜெர்மனியில் கொரோனாவுக்கென அனுமதித்த 6,000 கோடி யூரோ கடன் அனுமதியைப் பட்ஜெட்டுக்கு வெளியே இருந்த காலநிலை நிதிக்கு மாற்றினார்கள். 2023 நவம்பரில் அரசமைப்பு நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. இத்தகைய நிதியங்களையும் செலவு வரம்புக்குள் கொண்டுவரும் பிரிவு இல்லாமல் மேடையேறாதீர்கள்.

குடும்பம்போல அரசும் வரவுக்குள் வாழ வேண்டும் என்ற உங்கள் உவமையையும் நீக்கிவிடுங்கள். குடும்பமும் வீட்டுக்கடன் வாங்குகிறதே!