42 வயதில் வேலூரை விட்டு ஜெர்மனிக்குப் போய்ப் புதிதாகத் தொடங்கலாமா?

42 வயது, வேலூரில் தனியார் மருத்துவமனையில் செவிலியர் வேலை, பத்தாம் வகுப்பு படிக்கும் மகள், சர்க்கரை நோயுள்ள மாமியார். இந்த நிலையில் ஜெர்மனிக்குப் போவது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம் என்பதே என் பதில். ஆனால் இப்போது வேலையை விடாதீர்கள். ஜெர்மன் மொழியை வேலூரில் இருந்தபடியே பி2 நிலை வரை, அதாவது வேலையிடத்தில் தடையின்றிப் பேசி எழுதும் அளவுக்கு, படித்து முடித்துவிட்டுப் பிறகு முடிவெடுங்கள்.

நான் காட்பாடிக்காரி. 43 வயதில் கிளம்பி வந்து, இன்று ஸ்டுட்கார்ட் அருகே ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறேன். வயதைப் பற்றி உறவினர்கள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அரசாங்கங்கள் சொல்வதைக் கவனியுங்கள். புள்ளி போட்டுக் குடியேறுபவர்களைத் தேர்ந்தெடுக்கும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் 45 வயதானால் வயதுக்கான புள்ளி பூஜ்யம். ஆஸ்திரேலியாவின் புள்ளி முறை விசாக்களும் 45-ஐத் தொட்டவர்களை அழைப்பதில்லை. ஜெர்மனி கதவை மூடுவதில்லை. ஆனால் 45 வயதைக் கடந்தவர் முதன்முறையாகத் திறன்மிகு பணியாளர் விசா கேட்டால், 2025 கணக்குப்படி ஆண்டுக்கு 53,130 யூரோ சம்பளமாவது, முதுமைக்குப் போதிய ஓய்வூதிய ஏற்பாடாவது காட்ட வேண்டும். புதிதாகச் சேரும் செவிலியருக்கு அந்தச் சம்பளம் எளிதில் அமையாது. ஆகவே உங்களுக்கு அவகாசம் இருக்கிறது, அதிகம் இல்லை.

மொழியை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. இரவுப் பணி முடித்து வந்து, சமையலும் முடிந்த பிறகு வினைச்சொற்களை மனப்பாடம் செய்ய உட்காரும்போதுதான் இந்த ஆசை எவ்வளவு ஆழமானது என்று நமக்கே தெரிகிறது. என்னோடு படிக்கத் தொடங்கிய சிலர் பாதியில் நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்கு வேலையும் போகவில்லை, கடனும் ஏறவில்லை. பி2 தேர்வைச் சென்னையில் ஜெர்மன் மொழி கற்பிக்கும் கோதே நிறுவனத்தில் எழுதலாம். காலையில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்துப் போகும் தூரம்தான். வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்ற நான்கு பகுதிகளில் ஒன்று தவறினால் அதை மட்டும் மீண்டும் எழுதலாம்.

வேலையைப் பற்றி யாரும் உங்களிடம் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். நம் ஊரில் நோயாளியைக் குளிப்பாட்டுவதையும் சோறு ஊட்டுவதையும் பெரும்பாலும் உடனிருக்கும் மகளோ ஆயாவோ செய்துவிடுவார்கள். நாம் ஊசி, சொட்டு மருந்து, குறிப்பேடு என்று இருப்போம். இங்கே குளிப்பாட்டுவதும் பல் துலக்கிவிடுவதும் கழிப்பறைக்கு அழைத்துச் செல்வதும் படித்த செவிலியரின் முழுப் பொறுப்பு. நரம்பில் ஊசி போடுவதைப் பல இடங்களில் மருத்துவர் தம்மிடம் வைத்துக்கொள்கிறார். இருபது வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில் நின்ற கை இது என்ற நினைப்பு முதல் மாதங்களில் மிகவும் வலிக்கும். மேலும், நம் படிப்புக்கு முழு அங்கீகாரம் வரும்வரை உதவியாளர் நிலையில், குறைந்த சம்பளத்தில்தான் இருப்போம். பயிற்சிக் காலத்தை முடித்தோ தேர்வு எழுதியோதான் அதைத் தாண்ட வேண்டும். மகள் வயதுப் பெண் ஒருத்தி நமக்குப் படுக்கை விரிப்பு மாற்றும் முறையைச் சொல்லித் தருவாள். அவளிடம் முழு மனதோடு கற்றுக்கொள்ள முடியுமா என்று இப்போதே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அந்த வேலை மெல்ல மெல்லப் பிடித்துப்போனது. முதியவர் ஒருவரின் முதுகைத் துடைத்துவிடும்போது அவர் மனம்விட்டுப் பேசுவதைப் போல, ஊசியோடு நிற்கும்போது யாரும் பேசியதில்லை.

ஏஜென்ட் விஷயத்தில் உறுதியாக இருங்கள். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். லட்சக்கணக்கில் கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். தமிழ்நாடு அரசுக்கே 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. முதலில் அங்கே விசாரியுங்கள்.

வீட்டைப் பொறுத்தவரை, மாமியாரிடம் கணவர் வழியாகச் சொல்லி அனுப்பாமல் நீங்களே உட்கார்ந்து பேசுங்கள். நான் பேசியபோது என் அத்தை கேட்டது ஒன்றுதான்: "சிஎம்சியில் மாத்திரை வாங்க என்னோடு யார் வருவார்கள்?" அதற்கு ஒரு பெயரைச் சொல்ல முடிந்த பிறகுதான் நான் விண்ணப்பித்தேன். மகளின் பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை அவளை நடுவில் பிடுங்கி எடுக்காதீர்கள் என்பதும் என் கருத்து. உங்கள் மொழிப் படிப்பும் அதற்குள் முடிந்துவிடும்.

இதற்கிடையே காகிதங்களைத் தொடங்கிவிடுங்கள். கல்லூரியில் பாடவாரியாக எத்தனை மணி நேரம் வகுப்பு, எத்தனை மணி நேரம் வார்டு என்று குறித்த சான்று வாங்குங்கள். இங்கே அங்கீகாரம் தருபவர்கள் அதை வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். பிறகு பெயர். மதிப்பெண் பட்டியலில் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் தந்தை பெயரும் செவிலியர் கவுன்சில் பதிவில் கணவர் பெயரும் இருந்தால், மூன்றும் ஒருவரே என்று நிரூபிக்கவே மாதங்கள் போய்விடும். அதை மொழிபெயர்ப்பாளரிடம் கொடுப்பதற்கு முன்பே சரிசெய்துவிடுங்கள்.