கத்தரிப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்

கேள்வி: மாதவரத்தில் எங்கள் குடியிருப்புச் சங்கம் பக்கத்துக் காலி மனையை வீட்டுக்கு 10 அடிக்கு 12 அடி என்று பிரித்துக் கொடுத்திருக்கிறது. இதுவரை துளசி தவிர எதுவும் வளர்த்ததில்லை. ஆடியில் விதைக்க ஆசை. லண்டனில் இருக்கும் தம்பி மூன்று ஆங்கிலப் புத்தகங்கள் அனுப்பியிருக்கிறான். தமிழிலும் கடையில் நிறைய இருக்கிறது. எதைப் படித்துத் தொடங்குவது? (வாசகி, மாதவரம்)

பதில்: வணக்கம் சகோதரி. தம்பி அனுப்பியதை ஒதுக்க வேண்டாம். ஆனால் அதைப் பார்த்து விதைக்கவும் வேண்டாம். அங்கே ‘அலாட்மென்ட்’ என்று வாடகைக்குத் தரும் தோட்ட நிலத்தின் வழக்கமான முழு அளவு 10 ராட், அதாவது சுமார் 250 சதுர மீட்டர். நம் கணக்கில் ஒரு கிரவுண்டுக்கும் கொஞ்சம் மேலே. உங்களுக்குக் கிடைத்திருப்பது 120 சதுர அடி. அப்புறம், அவர்களுடைய நாட்காட்டி முழுக்க உறைபனியை வைத்துத்தான். தக்காளியை மார்ச்சில் வீட்டுக்குள் விதைத்து, பனி விட்ட பிறகு மே கடைசியில் வெளியே நடச் சொல்வார்கள். நமக்கு மே கடைசி என்றால் கத்திரி வெயில். அன்றைக்கு நட்ட நாற்று சாயங்காலமே தலை தொங்கிவிடும்.

வெயில் விழும் திசையும் வேறு. தெற்கு பார்த்த இடம்தான் நல்ல இடம் என்று அந்தப் புத்தகங்கள் சொல்வது அந்த ஊருக்குச் சரி. சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சி வெயில் நேர் தலைக்கு மேலே நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் மத்தியான வெயில் வடக்கிலிருந்து சாயும். மார்கழியில் கதை மாறும். உங்கள் பாத்திக்குத் தெற்கே 30 அடி உயரக் கட்டடம் இருந்தால், உச்சி வேளையிலேயே 22 அடி நீளத்துக்கு நிழல் விழும். அதனால் பாத்தி பிரிப்பதற்கு முன்னால் தெற்கே என்ன நிற்கிறது என்று பாருங்கள். மக்கு உரம் போடும் முறை, பயிர்ச் சுழற்சி ஆகிய இரண்டு அத்தியாயங்களை மட்டும் தம்பியின் புத்தகங்களிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம், ஒன்று எடுத்த இடத்தில் இன்னொன்றை உடனே வைக்கக்கூடாது என்பது எந்த ஊருக்கும் பொருந்தும்.

இனி தமிழ்ப் புத்தகம். கடையில் அட்டையைப் பார்க்காதீர்கள், முன்னுரையையும் பார்க்காதீர்கள். நேராகக் கத்தரிக்காய்ப் பக்கத்துக்குப் போங்கள். நாற்று 30 முதல் 35 நாளில் நடவுக்கு வரும், செடிக்குச் செடி 2 அடி விட வேண்டும் என்பதை யாரும் எழுதிவிடுவார்கள். நீங்கள் தேட வேண்டியது தண்டுத் துளைப்பானை. நேற்று நிமிர்ந்து நின்ற குருத்து இன்று காலையில் துவண்டு தொங்கும். தண்ணீர் பற்றவில்லை என்று நினைத்து ஊற்றுவோம், நிமிராது. அந்தக் குருத்தை வாட்டத்துக்கு ஒரு அங்குலம் கீழே கிள்ளி, நகத்தால் நீளவாக்கில் பிளந்தால், உள்ளே இளஞ்சிவப்பில் ஒரு சின்னப் புழு நெளியும். கிள்ளிய குருத்தைச் செடி அடியிலேயே போடாமல் சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். இதை எழுதியிருக்கும் புத்தகம் கத்தரி வளர்த்த கை எழுதிய புத்தகம், தைரியமாக வாங்குங்கள். ‘பூச்சி தாக்கினால் தகுந்த மருந்து தெளிக்கவும்’ என்று முடித்திருந்தால் திரும்ப அலமாரியில் வைத்துவிடுங்கள்.

அடுத்து பஞ்சகவ்யம் பக்கம். 3 சதவீதம், அதாவது லிட்டருக்கு 30 மில்லி என்று அளவு இருக்க வேண்டும். அளவு சொல்லாத புத்தகத்தை நம்பி அடர்த்தியாகத் தெளித்து இலை கருகிப்போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைத்தால் கூடுதல் கவனம் வேண்டும். அவற்றில் பி.எச்.சி. தூள், எண்டோசல்ஃபான் போன்ற பூச்சிமருந்துகள் சாதாரணமாகப் பரிந்துரைக்கப்பட்டிருக்கும். பி.எச்.சி. 1997-லேயே தடை ஆனது. எண்டோசல்ஃபானை 2011-ல் உச்சநீதிமன்றம் தடை செய்தது. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்கவே கூடாது. வீட்டுக் குழந்தைகள் சாப்பிடப் போகிற காய் இது. மருந்துப் பக்கங்களைக் கிழித்தெறிந்துவிட்டு மீதியைப் படித்தாலும் தப்பில்லை.

வடசென்னைக்கென்று ஒரு சோதனை சொல்கிறேன். உப்புத் தண்ணீரைப் பற்றி ஒரு பக்கமாவது இருக்கிறதா பாருங்கள். திருவொற்றியூரில் ஒரு வீட்டில் பீன்ஸ் இலையின் ஓரமெல்லாம் தீய்ந்தது போல் இருந்தது. நோய் என்று நினைத்து மூன்று வாரம் ஏதேதோ தெளித்திருக்கிறார்கள். போர் தண்ணீரை வாயில் வைத்தால் கரிக்கிறது. அவர்கள் கையில் இருந்த புத்தகத்தில் நோய் இருந்தது, உப்பு இல்லை. தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தால் ஈ.சி. என்று ஒரு எண் தருவார்கள், தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காட்டுவது அதுதான். டெசிசீமன்ஸ் கணக்கில் அது 0.7-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான காய்கறிகள் திணறும். பீன்ஸ் முதலில் விழும், பீட்ரூட் ஓரளவு தாங்கும்.

புதியவர்கள் பலரும் முதலில் வாங்குவது ஃபுகோகாவின் ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’. மனதைத் தொடும் நூல், கட்டாயம் படியுங்கள். ஆனால் அது ஜப்பானில் நெல்லும் ஆரஞ்சும் விளைவித்தவரின் அனுபவம். இந்த ஆடிக்கு வெண்டை எப்போது ஊன்றுவது என்று அதில் தேடினால் ஏமாறுவீர்கள்.

சரி, காசு எவ்வளவு போடலாம்? இந்தப் பட்டத்துக்கு, அதாவது இந்த விதைப்புப் பருவத்துக்கு, ஒரே ஒரு புத்தகம் போதும். கத்தரிச் சோதனையில் தேறியது, தமிழ் மாதங்களில் பட்டம் போட்டிருப்பது, 150 பக்கத்துக்குள் அடங்குவது. மற்றதைக் கிளை நூலகத்தில் எடுத்துப் படித்துவிட்டு, பிடித்திருந்தால் ஜனவரி புத்தகக் காட்சியில் வாங்குங்கள். கூடவே கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் மாத இதழ் ‘உழவரின் வளரும் வேளாண்மை’யும் பார்க்கலாம்.

பட்டத்தில் ஒரு திருத்தம் மட்டும். ஆடிப்பட்டம் என்று புத்தகம் சொல்லும் எல்லாவற்றையும் ஆடியில் போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் தண்ணீர் நிற்கும். வெண்டை, கொத்தவரை, கீரை போட்டால் மழைக்கு முன்னால் பலன் பார்த்துவிடலாம். வெண்டை 45 நாளில் காய் தரும். தக்காளி மழை ஓய்ந்த பிறகு வரட்டும். பாத்தியை முக்கால் அடியாவது உயர்த்திப் போடுங்கள். மனையில் கட்டட இடிபாடு கொட்டியிருந்தால் கீரையை நேரடியாக அந்த மண்ணில் விதைக்க வேண்டாம், பையில் நல்ல செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்து போடுங்கள். விதைக்கு முன்னால் மண் பரிசோதனைக்கு ஐந்தாறு இடத்தில் அரை அடி ஆழத்துக்கு வெட்டி எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி, அரை கிலோ கொடுங்கள். அந்த அறிக்கை வந்ததும் எழுதுங்கள், எவ்வளவு எரு போடுவது என்று சேர்ந்து கணக்குப் போடலாம்.