பதவி உயர்வை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: மதுரையில் ஒரு பொதுத்துறை வங்கியில் எழுத்தராக இருக்கிறேன். அதிகாரி பதவி உயர்வுக்குத் தேர்வாகியுள்ளேன். கணவருக்கும் இங்கேதான் வேலை, மகள் இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். வெளியூருக்கு மாற்றிவிடுவார்கள், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடு என்கிறார்கள் வீட்டில். என்ன செய்வது?

பதில்: தயவுசெய்து எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பதவி உயர்வை மறுத்தவர்கள் குறிப்பிட்ட காலத்துக்கு மீண்டும் விண்ணப்பிக்க முடியாது என்ற விதி பல வங்கிகளில் உண்டு. அதைவிடப் பெரிய இழப்பு, அதிகாரிகளின் தொடக்க நிலையான ஸ்கேல் 1 முதல் பொது மேலாளருக்கான ஸ்கேல் 7 வரை ஒவ்வொரு நிலைக்கும் குறைந்தபட்சப் பணிக்காலம் வரையறுக்கப்பட்டிருப்பதால், இப்போது தவறும் ஆண்டுகளைப் பின்னாளில் எவ்வளவு உழைத்தாலும் ஈடுசெய்ய இயலாது என்பதே.

இடமாற்றத்தைப் பொறுத்தவரை, திருமணமான பெண் ஊழியர்கள் கேட்டுக்கொண்டால் அவர்களைக் கணவர் பணிபுரியும் ஊரிலோ இயன்றவரை அதற்கு அருகிலோ பணியமர்த்துமாறு மத்திய நிதி அமைச்சகத்தின் நிதிச் சேவைகள் துறை 2014 ஆகஸ்டில் பொதுத்துறை வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. ‘இயன்றவரை’ என்று இருப்பதால் இதை உறுதியான உரிமையாகக் கருத முடியாது. ஆனாலும் உங்கள் கோரிக்கைக்கு வலுவான ஆதாரம் இதுவே. பணியிட ஆணை வெளிவரும் முன்பே, கணவரின் பணிச் சான்றையும் மகளின் பள்ளிச் சான்றையும் இணைத்து மனிதவளப் பிரிவுக்கு விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை நகலில் வாங்கி வையுங்கள். மதுரை நகரத்தையே கேட்காமல், வீட்டிலிருந்து தினமும் போய்வரக்கூடிய திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி போன்ற ஊர்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். அடுத்தடுத்த பதவி உயர்வுகளுக்குப் பல வங்கிகள் எதிர்பார்க்கும் கிராமப்புற, சிற்றூர்க் கிளை அனுபவமும் இதனால் கிடைத்துவிடும். உங்கள் வங்கியின் பதவி உயர்வுக் கொள்கையில் அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பணியில் சேர்ந்தபின் எந்த இருக்கை கிடைக்கிறது என்பதிலும் கவனம் வேண்டும். குழந்தை இருக்கிறதே என்ற நல்லெண்ணத்திலேயே பெண் அதிகாரிகளை நிர்வாக அலுவலக வேலையில் அமர்த்திவிடுகிறார்கள். பல பெண்களின் வளர்ச்சி நின்றுபோவது அங்கேதான் என்பது என் உறுதியான கருத்து. கடன் பிரிவைக் கேட்டு வாங்குங்கள். விண்ணப்பத்தை ஆராய்வது, தொழிலை நேரில் பார்த்து மதிப்பிடுவது, வராக்கடனை வசூலிப்பது ஆகியவற்றில் தேர்ந்தால்தான் நாளை கிளை மேலாளர் பொறுப்பை நம்பி ஒப்படைப்பார்கள்.

1977-இல் பாரத ஸ்டேட் வங்கியில் பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்த அருந்ததி பட்டாச்சார்யா, 2013-இல் அதன் முதல் பெண் தலைவரானார். குழந்தை வளர்ப்புக்காகவும் முதியோரைக் கவனிப்பதற்காகவும் பெண்கள் இரண்டாண்டு வரை விடுப்பு எடுக்கும் திட்டம் அவ்வங்கியில் வந்தது. உங்கள் வங்கியில் அத்தகைய விடுப்பு உண்டா என்று ஊழியர் சங்கத்தில் கேட்டறியுங்கள். வீட்டில் பேசும்போது இந்த விவரங்களோடு, மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் பொறுப்பைக் கணவர் எந்தெந்த நாள்களில் ஏற்பார் என்பதையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்.