கரிமருந்துக்கு மாற்று: எது எந்தத் துப்பாக்கிக்கு?

குழலின் வாய்வழியே மருந்தையும் குண்டையும் இறக்கிச் சுடும் துப்பாக்கிகளில், கரிமருந்துக்கு (கரி, கந்தகம், வெடியுப்பு கலந்த பழைய வெடிமருந்து) பதிலாகப் போடுபவை பைரோடெக்ஸ், டிரிபிள் செவன், பிளாக்ஹார்ன் 209. அமெரிக்க மான் வேட்டைக்கு இந்த மூன்றில் எது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் துப்பாக்கியைப் பாருங்கள்.

சக்கிமுக்கிக் கல் பொறியில் வெடிக்கும் பிளின்ட்லாக் என்றால் மூன்றுமே வேண்டாம். மாற்று மருந்துகள் பற்றிக்கொள்ள அதிகச் சூடு தேவை. பற்றவைக்கும் மருந்து வைக்கும் கிண்ணத்தில் பொறி விழும், சுடாது, மான் போய்விடும். அசல் கரிமருந்துதான் சரி.

பைரோடெக்ஸ் மலிவு, ஆனால் அன்றே கழுவாவிட்டால் குழல் துருப்பிடிக்கும். டிரிபிள் செவனில் கந்தகம் இல்லை, வெறும் தண்ணீரிலேயே கழுவலாம். வேகம் அதிகம் என்பதால், கரிமருந்துக்குச் சொன்ன அளவில் 15 சதவீதம் குறைக்க வேண்டும். இதன் தொல்லை, குண்டு உட்காரும் இடத்தில் படியும் கெட்டியான கசடு வளையம்; இடையில் துடைக்காவிட்டால் அடுத்த குண்டு இறங்க மல்லுக்கட்டும்.

209 பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு வெடிமூடி) போடும் நவீனத் துப்பாக்கி என்றால் என் ஓட்டு பிளாக்ஹார்னுக்கு. விலை கடிக்கும். ஆனால் கசடு குறைவு, ஈரத்தையும் அவ்வளவாக இழுக்காது.

அப்புறம், அளவு எல்லாமே கன அளவு, எடை அல்ல. கிரெயின் என்பது சிறிய எடை அலகு; 100 கிரெயின் கன அளவு என்றால், 100 கிரெயின் கரிமருந்து பிடிக்கும் இடம். பிளாக்ஹார்னில் 100 கிரெயின் கன அளவு, தராசில் சுமார் 70 கிரெயின்தான். தராசில் 100 வைத்தால் ஆபத்து. இன்றைய தோட்டாக்களில் இருக்கும் சாதாரணப் புகையில்லா மருந்தைப் போட்டால் குழலே வெடித்துவிடலாம்.