பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் எரிகிறதா?

கேள்வி: அப்பா வைத்திருந்த 1978 மாடல் அம்பாசடரை இப்போது நான் ஓட்டுகிறேன். பிரேக்கை மிதித்தால் வலப்பக்க இண்டிகேட்டர் முன்னும் பின்னும் மங்கலாக எரிகிறது. வலது இண்டிகேட்டரைப் போட்டாலோ, மினுக்காமல் எரிந்தபடியே நிற்கிறது. இடப்பக்கம் ஒழுங்காக இருக்கிறது. காலால் டிம் செய்யும்போது சில சமயம் இரண்டு ஹெட்லைட்டும் அணைந்துவிடுகின்றன. முழு ஒயரிங்கையும் மாற்ற வேண்டும் என்கிறார் எலக்ட்ரீஷியன். மாற்றிவிடலாமா? (வாசகர், காரைக்குடி)

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். முதல் இரண்டு கோளாறுகளுக்கும் காரணம் ஒன்றுதான். பெரும்பாலும் அது வலப்பக்கப் பின்விளக்கைப் பிடித்திருக்கும் திருகில் இருக்கும்.

பின்விளக்குக்குள் இருக்கும் பிரேக் பல்புக்கும் இண்டிகேட்டர் பல்புக்கும் மின்சாரம் தனித்தனி ஒயர்களில் வருகிறது. திரும்பிப் போகும் வழி மட்டும் இரண்டுக்கும் பொது. பல்பு ஹோல்டரின் தகடு, திருகு, காரின் பாடி என்று போகும் அந்த வழியைத்தான் எர்த் என்கிறோம். திருகில் துரு ஏறிவிட்டால் இந்த வழி அடைபட்டுப்போகிறது. பிரேக் பல்புக்குள் நுழைந்த மின்சாரம் வெளியேற இடமின்றி, பக்கத்து இண்டிகேட்டர் பல்புக்குள் தலைகீழாக ஏறுகிறது. அதன் ஒயர் வழியாகவே காரின் முன்பக்கம் வரை ஓடி, முன் இண்டிகேட்டர் பல்பைக் கடந்து அங்கே பாடியில் இறங்குகிறது. முன்விளக்கும் சேர்ந்து எரிகிறது என்று நீங்கள் கவனித்து எழுதியிருக்கிறீர்களே, அதுதான் கோளாறு எங்கே என்பதைக் காட்டிக்கொடுத்தது.

இண்டிகேட்டர் மினுக்காததற்கும் இதுவே காரணம். இண்டிகேட்டரை மினுக்க வைக்கும் சிறு கருவிதான் ஃப்ளாஷர். பழைய ஃப்ளாஷருக்குள் ஓர் உலோகப் பட்டை இருக்கிறது. முன்னும் பின்னும் உள்ள இரண்டு 21 வாட் பல்புகள் இழுக்கும் மின்சாரம் அதன் வழியே ஓடும்போது பட்டை சூடேறி வளைந்து இணைப்பு விலகும். ஆறியதும் மறுபடி சேரும். டிக் டிக் என்று கேட்பது இதுதான். எர்த் கிடைக்காத பின் பல்பு போதிய மின்சாரத்தை இழுக்காது. பட்டையும் தேவையான அளவு சூடேறாது, விளக்கு எரிந்தபடி நின்றுவிடும். பழைய ஃப்ளாஷரை வைத்துக்கொண்டு எல்இடி பல்பு போட்டவர்களுக்கும் இதே தொல்லை வரும். அவர்கள் எலக்ட்ரானிக் ஃப்ளாஷருக்கு மாற வேண்டும்.

சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். நீளமான ஒயர் ஒன்றின் ஒரு முனையை வலப்பக்க பல்பு ஹோல்டரின் வெறும் உலோகத்திலும், மறுமுனையை பேட்டரியின் நெகட்டிவிலும் பிடித்துக்கொண்டு, ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். பிரேக் விளக்கு பளிச்சென எரிந்து, இண்டிகேட்டர் அணைந்துவிட்டால் எர்த்தான் குற்றவாளி. மல்டிமீட்டர் இருந்தால் அதே இரண்டு இடங்களுக்கு இடையே பிரேக் மிதித்தபடி அளந்து பாருங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் கழற்றத்தான் வேண்டும்.

கழற்றினால் திருகைச் சுற்றிப் பழுப்புத் துருவும், பித்தளை முனையில் பச்சைக் களிம்பும் படிந்திருக்கும். யாராவது பாடிக்கு மறுபெயின்ட் அடித்தபோது திருகு உட்காரும் இடத்தையும் சேர்த்தே பூசியிருப்பார்கள். உப்புத்தாளால் உலோகம் மின்னும்வரை தேய்த்து, புதிய திருகு போட்டு இறுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். விளக்கிலிருந்து பாடிக்குத் தனியாக ஓர் எர்த் ஒயரும் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

இனி ஹெட்லைட். கிளட்ச்சுக்கு இடப்பக்கம் தரையில் இருக்கும் டிம்மர் சுவிட்சை ஒரு தடவை அழுத்தினால் டிம், மறு தடவை பிரைட். மாறும்போது கண் சிமிட்டும் நேரம் இருட்டுவது அதன் இயல்பு. ஆனால் அரைகுறையாக அழுத்தினால் உள்ளே இருக்கும் முனை இரண்டு பக்கமும் சேராமல் நடுவில் நின்றுவிடும், இரண்டு விளக்கும் போய்விடும். செருப்பில் வரும் மழைநீரும் மண்ணும் மிதியடிக்கு அடியில் தேங்கி அந்த முனையைத் துருவேற்றுவதால் கோளாறு கூடிக்கொண்டே போகும். எதிரே லாரி வரும்போது இப்படி ஆனால் உயிருக்கே ஆபத்து. இதைத் தள்ளிப்போடாதீர்கள். சுவிட்சைக் கழற்றி கான்டாக்ட் கிளீனர் அடித்து, ஐம்பது தடவையாவது அழுத்தி விடுங்கள். பிளாஸ்டிக் உருகியிருந்தாலோ, முனை கருகியிருந்தாலோ மாற்றிவிடுங்கள். அம்பாசடர் தயாரிப்பு 2014-இல் நின்றுவிட்டாலும் சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் தேடிப் பார்க்கலாம். மெல்லிய தகடு போட்ட மாற்றுப் பொருளைவிட, நன்கு சுத்தம் செய்த அசல் சுவிட்சையே நான் நம்புவேன்.

முனை ஏன் கருகுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ரிலே என்பது சிறு மின்சாரத்தால் இயங்கிப் பெரிய மின்சாரத்தை இணைத்து விடும் சுவிட்ச். அது இல்லாத பழைய வண்டிகளில் ஹெட்லைட்டின் மொத்த மின்சாரமும் சுவிட்சுகள் வழியாகவே போகிறது. 60 வாட் பல்பு இரண்டு என்றால் சுமார் 10 ஆம்பியர். வெளிச்சம் போதவில்லையென்று 100 வாட் பல்பு மாட்டினால் ஏறக்குறைய 17 ஆம்பியர். சுவிட்ச் சுடும், ஒயரின் உறை இளகும். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.5 வோல்ட் இருந்து பல்பு முனையில் 12 வோல்ட்தான் வருகிறது என்றால், வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே போய்விட்டது என்று பொருள். ஆகவே பல்பைப் பெரிதாக்காதீர்கள். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு 30 ஆம்பியர் ரிலே போடச் சொல்லுங்கள். மின்சாரம் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேரே விளக்குக்குப் போகும், பழைய சுவிட்ச் ரிலேவை இயக்கினால் போதும். அந்த ஃபியூஸ் பேட்டரிக்கு அருகிலேயே இருக்க வேண்டும். வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றச் சொல்லுங்கள்.