கோப்புறை மாறினால் மடலின் எண்ணும் மாறும்

கொக்குவிலில் மொத்த வியாபாரம் செய்யும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "கம்பனிகள் மின்னஞ்சலில் அனுப்பும் பில்களைக் கணக்கில் பதிய மகன் ஒரு சிறு நிரல் எழுதித் தந்தார். கைத்தொலைபேசியில் ஒரு மடலை வேறு கோப்புறைக்கு மாற்றினால், அதே பில் மீண்டும் பதிவாகிறது. சேர்வர் தரும் மடல் எண்ணைத்தான் நிரல் சரிபார்க்கிறது. ஏன் இப்படி?"

அந்த எண்ணை நம்பியதுதான் பிழை. சேர்வரில் இருக்கும் மடல்களைப் பல கருவிகளிலிருந்து கையாள உதவும் ஐமாப் முறையில் யூஐடி எனப்படும் அந்த எண் ஒரு கோப்புறைக்குள் மட்டுமே செல்லுபடியாகும். கொக்குவிலிலிருந்து நல்லூருக்குக் குடிபெயர்ந்தால் வாக்காளர் இடாப்பில் உங்கள் வரிசை எண் மாறும், அடையாள அட்டை இலக்கம் மாறாது. யூஐடி அந்த இடாப்பு எண்ணைப் போன்றது.

ஐமாப்பில் நகர்த்துவதற்கென்று தனிக் கட்டளையே முன்பு இருக்கவில்லை. மடலைப் பிரதி எடுத்து, பழையதில் அழித்தற்குறி இட்டு, பின்னர் நீக்குவார்கள். 2013 இல் வந்த மூவ் கட்டளை இவற்றை ஒன்றாக்கியது. ஆனாலும் சேருமிடத்தில் புதிய யூஐடிதான்.

பழைய எண் எது, புதிய எண் எது என்பதைக் காப்பியூஐடி என்ற பதிலில் பல சேர்வர்கள் சொல்லவே செய்கின்றன, ஆனால் கட்டளை இட்டவருக்கு மட்டும். நீங்கள் நகர்த்துவது கைத்தொலைபேசியில், நிரல் ஓடுவது கடைக் கணினியில். ஓரிடத்தில் ஒரு மடல் மறைந்தது, இன்னோரிடத்தில் ஒன்று வந்தது என்பதற்கு மேல் நிரலுக்கு எதுவும் தெரியாது.

சேர்வர் அறிவிக்கும் வசதிப் பட்டியலில் ஒப்ஜெக்ட்ஐடி இருக்கிறதா என்று மகனை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். 2018 இல் வரையறுக்கப்பட்ட இந்த நீட்சி தரும் ஈமெயில்ஐடி, மடலை நகர்த்தினாலும் பிரதி எடுத்தாலும் மாறாது. ஜிமெயில் என்றால் எக்ஸ்-ஜிஎம்-எம்எஸ்ஜிஐடி என்ற எண் இதே வேலையைச் செய்யும்.

இரண்டும் இல்லாவிட்டால் மடலின் தலைப்பகுதியிலுள்ள மெசேஜ்-ஐடி என்ற அடையாளம் இருக்கிறது. அதை மட்டும் நம்புவதை நான் விரும்புவதில்லை. அதை வழக்கமாக இடுவது அனுப்புபவரின் பக்கம். இட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் விதியில் இல்லை. எனவே இணைப்புக் கோப்பின் எஸ்எச்ஏ-256 மதிப்பையும், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற குறியீட்டையும், சேர்த்துப் பதியுங்கள். ஒன்று பொருந்தி மற்றது பொருந்தாவிட்டால் நிரல் தானாக முடிவெடுக்கக் கூடாது, உங்களிடம் கேட்க வேண்டும். இது பணக் கணக்கு.

ஏற்கெனவே பதிவானவற்றில் கம்பனி, பில் இலக்கம், தொகை மூன்றும் ஒத்திருப்பவற்றை அடுத்த காசோலை எழுதுமுன் பிரித்தெடுத்துவிடுங்கள்.