பட்டை சேர்த்தால் சாய்வு நிற்குமா?

கேள்வி: ஒட்டன்சத்திரத்திலிருந்து காய்கறி ஏற்றிச் செல்லும் என் பிக்கப் பின்பக்கம் வலப்புறமாகச் சாய்கிறது. நேராக ஓட்டினாலும் வண்டி கோணலாகப் போவதாகப் பின்னால் வருபவர்கள் சொல்கிறார்கள். இரண்டு பட்டை (சக்கரத்துக்கு மேலுள்ள லீஃப் ஸ்பிரிங் தகடு) கூடுதலாகப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். போடலாமா, ஐயா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். சாய்வு மட்டும் என்றால் பட்டை தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். கோணலாகவும் போகிறது என்பதால், பட்டைக்கட்டின் நடுவிலுள்ள சென்டர் போல்ட் அறுந்து, பின் ஆக்ஸில் இடம் நகர்ந்திருக்குமோ என்ற ஐயமே முதலில் எழுகிறது. வண்டியைச் சமதளத்தில் சுமையின்றி நிறுத்தி, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை இருபுறமும் டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேறுபட்டால், ஆக்ஸில் நகர்ந்திருக்கிறது அல்லது சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) வளைந்திருக்கிறது.

சென்டர் போல்ட் பெரும்பாலும் தானாக அறுவதில்லை. பட்டைக்கட்டை ஆக்ஸிலோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட் தளர்ந்துபோக, பிரேக் பிடிக்கும்போதெல்லாம் வரும் இழுவை முழுவதும் அந்தச் சிறு போல்ட்டின் மேல் விழுவதால்தான் அறுகிறது. ஆகவே அதை மாற்றும்போது யூ போல்ட்டுகளையும் புதிதாகப் போட்டு, சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். (இந்த இரண்டாம் இறுக்கத்துக்கு வண்டியைக் கொண்டுவருபவர்கள் குறைவு.) பட்டை ஒடிந்திருந்தால் இருபுறமும் ஜோடியாக மாற்றுவது நல்லது.

கூடுதல் பட்டை போட்டால் வண்டி நிமிரும், மறுப்பதற்கில்லை. ஆனால் அனுமதிக்கப்பட்ட எடை அதனால் ஒரு கிலோகூட உயராது. பட்டை வளைந்து வாங்கிக்கொண்டிருந்த அதிர்ச்சி, பட்டைக்கட்டின் முனைகளைச் சேஸிஸில் தாங்கும் ஹேங்கர் வழியாகச் சேஸிஸுக்குப் போய்ச் சேரும். விரிசல் பெரும்பாலும் ஹேங்கர் ரிவெட்டுகளைச் சுற்றியும் கேபினுக்குப் பின்னாலும்தான் தொடங்குகிறது. அங்கே துருநிறத்தில் மயிரிழைபோல் ஒரு கோடு தெரிந்தால், பெயின்ட்டைச் சுரண்டி டீசல் தடவுங்கள்; கால் மணி நேரம் கழித்து நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸைத் தேயுங்கள். விரிசலாக இருந்தால், உள்ளே இறங்கிய டீசல் கசிந்து வெள்ளையின் மேல் ஈரக் கோடாக எழும்பும்.

அப்படி எழும்பினால், சுமை ஏற்றாமல் சேஸிஸ் வேலை தெரிந்த பட்டறைக்குக் கொண்டு செல்லுங்கள். விரிசல் முனையில் துளையிட்டு நிறுத்தாமல் மேலாக வெல்டிங் வைத்தால், அந்தத் தையலின் ஓரத்திலேயே மறுபடி பிளக்கும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டார்களா என்று நீங்களே நின்று பாருங்கள்.